விண்ணுலகில் குடியேறுவோர் கவனத்துக்கு

செவ்வாய்க் கிரகத்தில் வீடு கட்டிக் குடியேறப் போவதாகச் சொல்லும் பெரிய மனிதர்கள் இப்போது உலகத்தில் மலிந்துவிட்டார்கள். அதற்கான ராட்சத ராக்கெட்டுகளையும் கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். செவ்வாயில் மூச்சு விடப் பிராணவாயு கிடையாது. குளிரோ எலும்பைத் துளைக்கும். தண்ணீர் தண்ணீராக நிற்பதில்லை. அங்கே போகிறவர்கள் படப்போகும் பாட்டைப் பற்றி நாம் இங்கே எழுத முற்படவில்லை. நம் மனத்தை ஆட்கொண்டிருப்பது வேறொரு கேள்வி. சூரியனைத் தவிர்த்த பிற நட்சத்திரங்களைச் சுற்றிவரும் கிரகங்கள் 5,000க்கும் மேற்பட்டவை இருப்பதை வானநூலார் உறுதி செய்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றிலேனும் உயிர் இருக்கிறது என்பதற்கு நிச்சயமான சான்று இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் என்றாவது ஒரு நாள் மனிதன் போய் இறங்கும் கிரகத்தில் அவனுக்கு முன்பே யாரோ குடியிருந்தால் என்ன செய்வது? அவர்களும் நாமும் ஒரே மண்ணில் சச்சரவில்லாமல் வாழ முடியுமா?

‘இதெல்லாம் ராக்கெட் விடுகிற தேசத்தார் கவலைப்பட வேண்டிய விஷயம், மதுரைப் பக்கத்து மனிதர்களுக்கு இதில் என்ன வேலை?’ என்று நேயர்கள் கேட்கக்கூடும். முதலாவதாக, நாமும் ராக்கெட் விடுகிற தேசத்தார்தாம். 1930ல் வேதாரண்யம் கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளியதற்காகச் சிறை சென்றார்களே, அவர்களுடைய பேரப் பிள்ளைகள் காலத்தில், 2023 ஆகஸ்டு 23ந் தேதியன்று, சந்திரனின் தென் துருவப் பிரதேசத்தில் சந்திரயான்-3 பூப்போல இறங்கியது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். 2040க்குள் இந்தியர் ஒருவர் சந்திரனில் கால் வைக்க வேண்டும் என்று நம் சர்க்கார் இலக்கும் வைத்திருக்கிறது. இரண்டாவதாக, வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே நிலத்தில் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு மதுரைச் சமவெளி பல முறை பல விதமாக விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

சந்தையும் கண்மாயும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகைக்கு வடபால் இருக்கிறது பரவை. அச்சொல்லுக்குக் கடல் என்றும் பரந்த இடம் என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. அந்த ஊரில் பெரிய காய்கறிச் சந்தை ஒன்று நடக்கிறது. மூட்டை மூட்டையாக மிளகாய், கூடை கூடையாகத் தக்காளி, சாக்குச் சாக்காக உருளைக்கிழங்கு என்று அங்கே வந்து இறங்குகின்றன. இம்மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. கொலம்பஸ் 1492ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுவதற்கு முன்னால் பாண்டியன் அரண்மனைச் சமையற்காரனும் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை. காரம் வேண்டுமென்றால் அவனுக்கு மிளகுதான் கதி. போர்த்துக்கீசியர் கப்பல்கள் வந்து போகத் தொடங்கிய பிறகே அந்தக் காய் நம் நாட்டுக்கு வந்தது. மிளகைப் போல் காரமாக இருந்ததால் மிளகாய் என்று பெயர் பெற்றது. இன்றைக்கு மிளகாய் விழாத குழம்பு மதுரையில் உண்டா? அதே சமயம் ரஸத்திலும் பொங்கலிலும் மிளகு தன் ஆசனத்தை விட்டு இறங்கவும் இல்லை. வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் அடுப்பங்கரையில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது.

சந்தையை விட்டு வெளியே வந்து, சுற்றுவட்டாரத்துக் கண்மாய்களின் பக்கம் பார்த்தால் காட்சி மாறுகிறது. சீமைக் கருவேலமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்கார சர்க்கார் விறகுக்காக இந்தியாவுக்கு அதைக் கொண்டு வந்தது. அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் விதையை ஊரெங்கும் பரப்பின. இன்று கண்மாய் உட்புறத்திலும் தரிசு நிலத்திலும் அது வைத்ததே சட்டம். அதை அகற்ற வேண்டுமென்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரையில் போயிற்று. வைகை ஆற்றிலோ இன்னொரு அந்நியன். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வரப்பட்ட அந்தப் பூச்செடிக்கு நம் ஜனங்கள் வழங்கும் பெயர் ஆகாயத்தாமரை. பெயருக்கேற்றபடி வானத்திலிருந்து வந்து விழுந்ததைப் போலவே அது தண்ணீரை மூடிவிடுகிறது. கீழேயுள்ள நீருக்கு வெளிச்சம் இல்லை, பிராணவாயு குறைகிறது, மீன்கள் தவிக்கின்றன.

மிளகாய்க்கு நல்லெண்ணமும் கிடையாது. கருவேலத்துக்குத் துர்எண்ணமும் கிடையாது. இரண்டும் வெறும் தாவரங்கள். அப்படியிருந்தும் ஒன்று நமக்கு உறவாயிற்று, மற்றொன்று தொல்லையாயிற்று. காரணம் எளிது. மிளகாய் உழவன் விதைத்தால் முளைக்கும். வேண்டாமென்றால் அடுத்த போகத்தில் அந்த இடத்தில் கத்தரி நிற்கும். கருவேலத்தை வேண்டாமென்று சொல்ல உழவனால் முடியவில்லை. வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது. வந்தவனை மறுக்கும் சக்தி இருந்தவனிடம் இருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். மனிதர் விஷயத்திலும் இந்தக் கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம்.

மகாலைச் சுற்றிக் குடியேறியவர்கள்

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வரும் ஸௌராஷ்டிரர்களை மதுரைவாசிகள் அனைவரும் அறிவார்கள். பட்டுநூல்காரர் என்பது அவர்களுக்கு வழங்கிய பழைய பெயர். மேற்கே லாட தேசத்திலிருந்த பட்டு நெசவாளர் தசபுரத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே சூரியனுக்குக் கோயில் எடுப்பித்த வரலாற்றை, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மந்தசோர் கல்வெட்டு கூறுகிறது. அவர்களே இவர்களுடைய முன்னோர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பிற்காலத்தில் இவர்கள் விஜயநகரத்துக்கு வந்து, அங்கிருந்து நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். பாஷை வேறு, உடை வேறு, சடங்கு வேறு. அன்றைய மதுரைவாசிக்கு அவர்கள் வேற்றுக் கிரகத்தார் மாதிரியே தோன்றியிருக்கலாம்.

எல்லாம் தேனும் பாலுமாக நடந்துவிடவில்லை. ஆவணி அவிட்டத்தன்று இவர்கள் உபாகர்மம் செய்ததை மதுரையில் சிலர் ஆட்சேபித்தார்கள். செய்தவர்கள் கைதும் ஆனார்கள். விஷயம் ராணி மங்கம்மாள் சமுகத்துக்குப் போயிற்று. ராணி பண்டிதர்களைக் கூட்டி வாதத்தைக் கேட்டு, அந்தச் சடங்கைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1705ல் சாசனம் எழுதிக் கொடுத்தாள். சண்டை வந்தது, ஆனால் அதைத் தீர்க்க இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஓர் இடம் இருந்தது.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவார்கள். இவர்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலை மதுரையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2005ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ‘மதுரைக் காந்தி’ என்று ஜனங்கள் அன்போடு அழைத்த தேசபக்தர் என்.எம்.ஆர். சுப்பராமன் இந்தச் சமூகத்தில் பிறந்தவர். தமிழ்ப் படங்களின் குரலாகவே விளங்கிய டி.எம். சௌந்தரராஜன் பிறந்ததும் மதுரை ஸௌராஷ்டிரக் குடும்பத்தில்தான். அவருடைய தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் கற்றவர்கள் உண்டு! அப்படியென்றால் அவர்கள் தங்கள் பாஷையை விட்டுவிட்டார்களா? அதுவும் இல்லை. தெருவில் தமிழும் வீட்டில் ஸௌராஷ்டிரமுமாக இன்றும் பேசி வருகிறார்கள். வந்தவர் தம்மை இழக்காமலே இருந்தவரோடு கலந்து வாழலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

பெருங்காமநல்லூர்

இதே மதுரைச் சீமையில் வேறு ஒரு குடியேற்றமும் நிகழ்ந்தது. அவர்கள் தறியோடு வரவில்லை; சட்டப் புத்தகத்தோடு வந்தார்கள். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் வாழும் பிரமலைக் கள்ளர்கள், கிராமங்களைக் காவல் காத்து அதற்குக் கூலி பெறும் பழைய ஏற்பாட்டைக் கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் நல்லதும் இருந்தது, அடாவடியும் இருந்தது. ஆனால் அது ஜனங்களுக்குப் புரிந்த ஏற்பாடு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது புரியவில்லை. ‘காவலைப் போலீசார் பார்த்துக் கொள்ளும்போது இவர்களுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இது மிரட்டிப் பறிப்பது’ என்று முடிவு கட்டினார்கள். அதன்பின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுத்து ஒரு சமூகம் முழுவதன் மீதும் வீசினார்கள். பிறந்த குற்றத்துக்காக ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரவில் போலீசாருக்குத் தங்கள் இருப்பைக் காட்ட வேண்டும்.

1920 ஏப்ரல் 3ந் தேதி, பெருங்காமநல்லூர் ஜனங்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்மணி உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஒரு வருஷம் கூட ஆகாத சமயம் அது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947ல்தான் ஒழிந்தது.

ஸௌராஷ்டிரர் வந்தபோது மதுரைவாசிகளுக்கு அவர்களுடைய பாஷை புரியவில்லை. வெள்ளைக்காரர் வந்தபோது அவர்களுக்கு நம் வழக்கம் புரியவில்லை. புரியாமை இரண்டிலும் பொதுவானதுதான். ‘மனிதனும் மனிதனும் என்றால் எப்படியாவது ஒத்துப் போவார்கள், வேற்றுலகத்தார் விஷயம் அப்படியா?’ என்று கேட்பவர்கள், பெருங்காமநல்லூரில் சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் மனிதர்களே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு கண்ணும் இருபுறமும் இருந்துவிட்டால் சமாதானம் தானாக வந்துவிடாது. ஸௌராஷ்டிரர்களை வேண்டாமென்று சொல்ல மதுரைக்குச் சக்தி இருந்தது. ஆகவே அவர்கள் தம் தொழிலால் ஊருக்கு வேண்டியவர்கள் ஆனார்கள். வெள்ளைக்காரர்களை வேண்டாமென்று சொல்ல அன்று நமக்குச் சக்தி இல்லை. ஆகவே அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பலசாலி வரும்போது

இப்போது வானத்துக்குத் திரும்புவோம். நமக்கு மிக அருகிலுள்ள பிற நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி 4.2 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. 1977ல் புறப்பட்ட வாயேஜர்-1 கலம் போகிற வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 வருஷங்களுக்கு மேல் பிடிக்கும். அந்தத் தூரத்தைத் தாண்டி ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கும் வல்லமை மனிதனுக்கு என்றாவது வந்தால், அவன் சாமான்யனாக இருக்க மாட்டான். அவ்வளவு பெரிய நெருப்பைக் கட்டியாளத் தெரிந்தவன் கையில் அழிக்கும் சக்தியும் அதே அளவுக்கு இருக்கும். போய்ச் சேருமிடத்தில் இருப்பவர்கள் அவனுக்குச் சமமான வல்லமை படைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எச்.ஜி. வெல்ஸ் 1898ல் வெளியிட்ட நாவலில் செவ்வாய்க்காரர்களைப் பலசாலிகளாக்கி இங்கிலாந்தின் மீது ஏவினார். பிறரை அடக்கியாண்ட ஜாதிக்கு அடங்கிக் கிடப்பதன் கஷ்டத்தைக் கொஞ்சம் காட்டிவைத்தார். ஆனால் நம்முடைய கேள்வியில் படையெடுக்கும் செவ்வாய்க்காரன் மனிதனே.

சண்டை போடும் எண்ணமே இல்லாமல் போனாலும் ஆபத்து உண்டு. நம் உடம்பிலும் பண்டங்களிலும் கோடானுகோடி கிருமிகள் பயணம் செய்யும். ஆகாயத்தாமரையைப் போல அவற்றில் ஒன்று அங்கே பரவினால் போதும். விஞ்ஞானிகள் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். 1976ல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களையும், புறப்படும் முன் அடுப்பில் வைத்துச் சுடுவதுபோல் சுட்டுக் கிருமி நீக்கினார்கள். சனிக் கிரகத்தைச் சுற்றிய காஸினி கலத்தை 2017 செப்டம்பர் 15ந் தேதி சனியின் வாயு மண்டலத்துக்குள்ளேயே செலுத்தி எரித்துவிட்டார்கள். சனியின் துணைக் கோள்களான என்செலடஸிலோ டைட்டானிலோ அது மோதி, அங்கே உயிருக்கு இடமிருந்தால் அதைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற முன்யோசனைதான் காரணம். இருக்கிறதா என்று தெரியாத ஓர் உயிருக்காக மனிதன் தன் கலத்தையே பலி கொடுத்தான். பலசாலி தானாகவே தன் கையைக் கட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

அந்தமான் சொல்லும் பாடம்

பலசாலி கையைக் கட்டிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் தேசத்துக்குள்ளேயே பார்க்கலாம். அந்தமான் என்றதும் தேசபக்தர்கள் வாடிய சிறைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1858ல் அங்கே கைதிகளின் குடியேற்றம் தொடங்கியபோது, அந்தத் தீவுகள் காலியாக இருக்கவில்லை. பெரிய அந்தமானியர் என்று வழங்கப்படும் மக்கள் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களை நாகரிகப்படுத்துவதற்காகச் சர்க்கார் இல்லங்கள் கட்டி வைத்து உணவும் உடையும் கொடுத்தது. குடியேறியவர்களிடமிருந்து நோய்களும் வந்து சேர்ந்தன. 1877ல் பரவிய மணல்வாரி அம்மையில் ஏராளமானோர் மாண்டார்கள். 1961ஆம் வருஷ ஜனக் கணக்கில் அந்த மக்களின் தொகை இருபதைக்கூட எட்டவில்லை. துப்பாக்கி கொன்றதைக் காட்டிலும் உபசாரம் கொன்றது அதிகம்.

அதே அந்தமானில் வடக்குச் சென்டினல் என்று சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவு இருக்கிறது. அங்குள்ளவர்கள் வெளியாரை அம்பு காட்டி விரட்டி வந்தார்கள். சுதந்திர இந்தியாவின் அதிகாரிகளும் மானிடவியல் அறிஞர்களும் படகில் போய்த் தேங்காய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1991ல் அவர்கள் கிட்ட வந்து தேங்காயைக் கையால் வாங்கியதும் உண்டு. அந்த ஆசை வார்த்தையோடு உள்ளே நுழைந்துவிடலாம் என்று நம் சர்க்கார் நினைக்கவில்லை. சில வருஷங்களில் அந்தப் பயணங்களையே நிறுத்தியது. 2004ல் ஆழிப் பேரலை அடித்த பிறகு நலம் அறியப் பறந்த ஹெலிகாப்டரை அவர்கள் அம்பு தொடுத்து வரவேற்றார்கள். ‘நாங்கள் இருக்கிறோம், நீங்கள் போகலாம்’ என்பது அதன் அர்த்தம். 2018ல் தடையை மீறிப் போன அமெரிக்க இளைஞர் ஒருவர் அங்கே உயிரிழந்தார். அதற்காகச் சர்க்கார் படை அனுப்பவில்லை. நூறு கோடிக்கு மேல் ஜனங்களுள்ள தேசம், ஒரு கிராமத்து ஜனத்தொகை கூட இல்லாத மக்களின் ‘வேண்டாம்’ என்ற வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. நம் குடியரசு செய்த நல்ல காரியங்களைக் கணக்கெடுத்தால் இதையும் அவசியம் சேர்க்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எல்லா இடத்திலும் நீடிக்கிறதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலையின் அந்தப் பகுதியை மூடும்படி 2002ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் அமைக்கும் திட்டத்துக்கு 2022ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அத்தீவு ஷோம்பென் மக்களின் வீடு. நிக்கோபாரியரும் அங்கே வாழ்கிறார்கள். வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே நாம் அங்கே ஸௌராஷ்டிரரைப் போல் போகிறோமா, கைரேகை எடுத்தவர்களைப் போல் போகிறோமா என்று சொல்ல முடியும்.

இன்னும் எழுதாத ஷரத்து

மனிதன் வேற்றுலகத்தாரோடு சமாதானமாக வாழ முடியுமா என்ற கேள்விக்கு நம்முடைய பதில், முடியும் என்பதே. ஆனால் அது அவனுடைய நல்ல மனத்தைப் பொறுத்ததன்று. வேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் சொன்னால் திரும்பிவிடுவது என்று, இங்கிருந்து புறப்படும் முன்பே அவன் சட்டம் செய்துகொண்டு போக வேண்டும். தாகத்தோடும் பசியோடும் போய் இறங்கிய பிறகு, ஆயிரம் குழந்தைகளை வைத்துக்கொண்டு கலத்தில் நிற்கிறவனுக்கு நியாயம் பேச நேரம் இருக்காது.

விண்வெளியைப் பற்றி 1967ல் நிறைவேறிய சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. சந்திரனையோ பிற கோள்களையோ எந்த தேசமும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது அந்த ஒப்பந்தம். அவற்றைத் தீங்கு விளையும்படி அசுத்தம் செய்யாமல் ஆராய வேண்டும் என்றும் சொல்கிறது. மிகவும் நல்லது. ஆனால் அங்கே முன்பே யாராவது இருந்தால் அவர்களுடைய உரிமை என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு ஷரத்தும் இல்லை. மனித குலம் முழுமைக்கும் விண்வெளி பொது என்று எழுதியவர்கள், மனித குலம் அல்லாதவர்களை நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த ஷரத்தை எழுதச் சரியான காலம் இதுவே. இன்றைக்கு யாருக்கும் எந்தக் கிரகத்திலும் தோட்டமும் இல்லை, சுரங்கமும் இல்லை. லாபம் கண்ணை மறைக்கவில்லை. அதை உலக சபையில் எடுத்துச் சொல்வதற்கு இந்தியாவுக்கு ஒரு தனித் தகுதி உண்டு. பிறர் வந்து இறங்கிய கரையில் நின்றவர்கள் நாம். இப்போது கலம் ஏறத் தொடங்கியிருப்பவர்களும் நாம். இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்த சாட்சி வேறு எத்தனை தேசங்களில் அகப்படும்? அந்தச் சாட்சியின் வார்த்தைக்கு உலக சபையில் மதிப்பு இருக்க வேண்டுமானால், நிக்கோபார்க் காட்டில் வாழ்பவர்களின் சம்மதத்தை நம் சர்க்கார் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.